எல்லாம் அந்தப் பாறைப் படத்தால வந்தது

அமைதியாம் சார், அமைதி! வர்றவங்க மனசுக்கு அமைதி குடுக்கிற படமாம்! எவ்வளவு அமைதி குடுத்துச்சுன்னா, வந்தவங்க எல்லாம் அமைதியா எழுந்து, அமைதியா செருப்பை மாட்டிக்கிட்டு, அமைதியா போயே போயிட்டாங்க. தோ, அந்த ஆணி தெரியுதா உங்களுக்கு? வெறும் ஆணி. போன வாரம் வரைக்கும் மகாராணி அதுலதான் தொங்கிக்கிட்டு இருந்தாங்க… அய்யோ, அந்த நாற்காலி வேணாம் சார், அதுக்கு ஒரு கால் குட்டை. இப்படி வாங்க, என் மேஜைக்குப் பக்கத்துல. இதான் நல்ல நாற்காலி. இங்க உட்கார்ந்தா நான் சொல்றது நல்லா கேக்கும்.

என்ன சார் இது, கன்னம் இப்படி வீங்கியிருக்கு? எலுமிச்சம்பழத்தை அடக்கி வெச்ச மாதிரி… ம்ஹூம், நீங்க வாயைத் திறக்காதீங்க. காத்துப் பட்டா சுள்ளுனு இழுக்கும். தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். பேசறதை நான் பார்த்துக்கறேன். கீழ்க் கடவாப்பல்லா? நெனைச்சேன். தூக்கம் இல்ல? பார்த்தீங்களா, சொல்லாமலே எனக்குத் தெரியுது. இந்த மேஜையில சும்மாவா உட்கார்ந்திருக்கேன் இத்தனை வருஷம்! உள்ள ஒரு அம்மாவுக்கு வேலை நடக்குது. கேக்குதா, அந்த ர்ர்ர்ருனு? அது முடிஞ்சதும் உள்ளேருந்து மணி அடிக்கும். அடுத்தது நீங்கதான். இன்னைக்குக் கடைசி ஆளும் நீங்கதான். அதனால நீங்க எனக்கு ரொம்ப முக்கியம் சார். ஏன்னு சொல்றேன், இருங்க.

டாக்டரைப் பத்திக் கவலையே படாதீங்க. கை பூ மாதிரி. என் கூடப் பொறந்த தம்பியாச்சே, எனக்குத் தெரியாதா? சின்னப் பையனா இருக்கும்போது இவனுக்கே சொத்தைப் பல். நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். பிள்ளை பயந்துடக் கூடாதேன்னு வீட்டு வாசல்லேருந்து அந்த டாக்டர் வாசல் வரைக்கும் வாய் ஓயாம பேசிக்கிட்டே போனேன். உள்ள போனான், கதவைச் சாத்தினாங்க. வெளிய வந்து என்ன சொன்னான் தெரியுமா? "அக்கா, உள்ள எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா, நான் பெரியவனானா பல் டாக்டராத்தான் ஆவேன்"னான்! அப்ப அவனை டாக்டராக்கினது யாரு? நான்! ஆனா அந்தப் பேச்சை இப்ப இங்க எவன் எடுக்கிறான்? வந்தவ சொல்றதுதான் இப்ப சட்டம்.

வந்தவன்னா… தம்பி பொண்டாட்டி. நல்லவதான், நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ற பழக்கமே எனக்குக் கிடையாது. படிச்சவ, ரசனை உள்ளவ. ரசனைன்னா என்ன தெரியுமா? வீட்ல நல்ல பாத்திரம் இருக்கும்போது நசுங்கின பாத்திரத்தை விலைக்கு வாங்கி வந்து அலமாரியில வெக்கிறது. இவ பழைய சாமான் கடைக்குள்ள போனா, கடைக்காரன் எழுந்து நின்னு வரவேற்பான். அப்படி ஒரு நாள் போய்த் தூக்கிட்டு வந்ததுதான் இந்தப் படம். பிரான்ஸ் தேசத்துல அச்சடிச்சதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டாம். நம்ம கொள்ளுத்தாத்தனுக்கு மீசை முளைக்காத காலம்! கல்லு மேல வரைஞ்சு, மை தடவி, காகிதத்தை வெச்சு அமுக்கி எடுப்பாங்களாம். அதாவது அந்தப் புண்ணியவான் பாறையைப் பாறை மேலயே வரைஞ்சிருக்கான். அதுக்கு அந்தப் பாறையையே நிமிர்த்தி வெச்சுட்டுப் போயிருக்கலாம், காகிதமாவது மிச்சமாயிருக்கும்.

கீழ ஏதோ எழுதியிருக்கு, அவங்க பாஷையில. அதை இவ மூக்கால படிச்சுக் காட்டுவா, ஜலதோஷம் பிடிச்சவ மாதிரி. நான் பணிவாத்தான் கேட்டேன், "என்னம்மா அர்த்தம்?"னு. "பாறை நிறைஞ்ச கடற்கரை"ன்னா. அடேயப்பா! நான் ஏதோ கல்யாண மண்டபம்னு நெனைச்சுட்டேன்! "கடலைப் பார்த்தா மனசு அடங்கும்ங்க, காத்திருக்கிறவங்களுக்கு ஒரு அமைதி வரும்"ன்னு தம்பிகிட்ட சொல்லி, அந்த இடத்துல இருந்த நல்ல காலண்டரைக் கழட்டிட்டு இதை மாட்டிட்டா. பொம்மை போட்ட காலண்டர் சார். ரெண்டு பூனைக்குட்டி, ஒரு கூடை. பார்த்தா சிரிப்பு வரும். அதெல்லாம் ரசனையில சேராதாம்.

இருங்க, காட்டறேன். இங்கதான் மேஜைக்குப் பின்னாடி சுவர் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன். தொடக் கூடாதுன்னு உத்தரவு. நான் எங்க தொடறேன்? எடுக்கத்தான் எடுக்கறேன்… அப்பாடா, சட்டமே ஒரு அரிசி மூட்டை கனம். பாருங்க. நல்லா குனிஞ்சு பாருங்க, வெளிச்சத்துக்குத் திருப்பறேன். இது பாறையா சார்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. இந்தப் பக்கம் ரெண்டு, முன்பல் உடைஞ்ச மாதிரியே. இது பாதி இடிஞ்சு போன கடவாப்பல். இதுக்கு நடுவுல ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள அலை பூந்து அந்தப் பக்கமா வெளிய வருது. சொத்தைக்குள்ள பச்சைத் தண்ணி போனா சுர்ர்ருனு ஏறுமே, அப்படியே இல்ல? பார்த்தீங்களா, கண்ணை மூடிக்கிட்டீங்க! உங்களுக்கே கூசுது! கண்ணைத் திறங்க சார், இன்னும் இருக்கு. இந்த நுரையைப் பாருங்க, வாய் கொப்பளிச்சுத் துப்பின மாதிரி. அப்புறம் காகிதம் முழுக்க இந்தப் பழுப்புப் புள்ளி. "வயசான காகிதத்துக்கு அப்படி வரும்க்கா, அதுதான் அழகு"ங்கிறா. பல்லுலயும் அப்படித்தாம்மா வருது, அது அழகுன்னா உன் புருஷன் எதுக்குக் கடை விரிச்சு உட்கார்ந்திருக்கான்?

இந்தப் படம் மாட்டினதுக்கு அப்புறம் இங்க நடந்ததைக் கேளுங்க. தையல்காரர் ஒருத்தர் வந்தார், நல்ல மனுஷன். இதே நாற்காலியிலதான் உட்கார்ந்தார். அவருக்கு ஆறுதலா இருக்கட்டும்னு, மரத்துப்போற ஊசி சரியா பிடிக்காம ஒருத்தர் எகிறிக் குதிச்ச கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேன். முழுசாக்கூட சொல்லல, பாதிதான் ஆயிருக்கும். மனுஷன் படத்தை ஒரு பார்வை பார்த்தார். "நூல் வாங்கணும், மறந்துட்டேன்"ன்னு கிளம்பினவர்தான். இன்னும் நூல் வாங்கிக்கிட்டு இருக்கார்.

பாட்டு டீச்சர் ஒருத்தங்க. அவங்ககிட்ட நான் என்ன பெருசா பேசிட்டேன்? முன்பல் போனா பாட்டுல காத்துப் போகும்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். படத்தைப் பார்த்தாங்க, போயிட்டாங்க. அப்புறம் ஒரு போலீஸ்காரர் சார்! கதவுல குனிஞ்சுதான் வரணும், அவ்வளவு உயரம். திருடனைத் துரத்திப் பிடிக்கிற ஆளு. நான் எங்க பெரியப்பா மகனுக்குத் தாடை வீங்கி ஆஸ்பத்திரியில கிடந்ததைச் சொல்லிக்கிட்டிருந்தேன். தாடை எப்படி வீங்கினதுன்னு கையை வெச்சுக் காட்டினேன், வேற ஒண்ணும் இல்ல. தொப்பியைக் கூட எடுக்காம ஓடிட்டார். தோ, அந்த அலமாரி மேல இருக்கு பாருங்க, அவர் தொப்பிதான். போலீஸ்காரனே ஓடறான்னா அந்தப் படத்துல எவ்வளவு பயங்கரம் இருக்கணும்!

இதைத்தான் தம்பிகிட்ட சொன்னேன். "டேய், அந்தப் பாறையைக் கழட்டிடுடா, வர்ற ஆளெல்லாம் ஓடறாங்க"ன்னேன். உடனே அவ வந்து நின்னுட்டா. "அக்கா, ஆள் எழுந்து போறதுக்குப் படம் காரணமா இருக்காது"ன்னா. "அப்ப வேற எது காரணம்?"னு கேட்டேன். அவ தரையைப் பார்க்கிறா. அவன் சுவத்தைப் பார்க்கிறான். ரெண்டு பேரும் என்னைப் பார்க்கல. நான் என்ன சார் அப்படிக் கேக்கக் கூடாததைக் கேட்டுட்டேன்?

அப்புறம் அவளே ஒரு யோசனை சொன்னா. ஒரு வாரம் படத்தைக் கழட்டி வெக்கிறதாம். ஆள் நிலைச்சா, படம் வீட்டுக்குப் போயிடும். கழட்டியும் ஆள் போனா, படம் மறுபடி ஆணிக்கு வரும். அதோட அந்தக் கதவுக்கு மேல ஒரு நம்பர் பெட்டி மாட்டுவாங்களாம். சிவப்பு வெளிச்சத்துல நம்பர் எரியும், டிங்குனு சத்தம் வரும், அவங்கவங்க எழுந்து உள்ள போயிடலாம். "அக்காவுக்கும் ரெஸ்ட் கிடைக்கும்"ன்னா. ரெஸ்ட்! நான் கேட்டேனா இவகிட்ட? ஒரு பெட்டி வந்து உங்களைப் பார்த்துக் "கீழ்க் கடவாப்பல்லா"ன்னு கேக்குமா சார்? "தூக்கம் வந்துச்சா"ன்னு விசாரிக்குமா? வலியோட வர்ற மனுஷங்களைத் தனியா உட்கார வெச்சா வலி இன்னும் ஜாஸ்தியாத் தெரியும். நான் நாலு வார்த்தை பேசினா அது மறந்து போகும். உங்களுக்கே இப்ப மறந்து போச்சுல்ல? இல்லியா? போகும், போகும். இன்னும் கொஞ்சம் பேசணும்.

அந்த ஒரு வாரம் இன்னைக்கு முடியுது. அதான் சொன்னேன், நீங்க எனக்கு முக்கியம்னு. இந்த வாரம் எப்படியா? நல்லாத்தான் போச்சு. ரெண்டு மூணு பேர் எழுந்து போனாங்க, அது கணக்குல வராது. ஏன்னா அவங்களுக்கு நான் படத்தை எடுத்துக் காட்டினேன். "இதோ, இதனாலதான் எல்லாரும் ஓடினாங்க"ன்னு ஒவ்வொரு பாறையா விளக்கிச் சொன்னேன். அவங்களும் ஓடிட்டாங்க. அப்ப யார் காரணம்? படம்தானே! ஆணியில தொங்கினா என்ன, என் மடியில இருந்தா என்ன? தம்பிகிட்ட "அவங்களுக்கு வேற வேலை வந்துடுச்சாம்"னு சமாளிச்சு வெச்சிருக்கேன். ஆனா உங்க விஷயத்துல அப்படி முடியாது. உங்ககூட அவனே போன்ல பேசியிருக்கான், ரொம்ப வலின்னு சொன்னீங்களாமே. உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். அவளும் கடை சாத்துற நேரத்துக்கு வர்றேன்னிருக்கா, யார் ஜெயிச்சதுன்னு பார்க்க. அதனால நீங்க பாட்டுக்கு இப்படியே உட்கார்ந்திருங்க. உங்களால ஒரு காரியம் ஆகணும்னா அது இதுதான். உட்கார்ந்திருக்கிறது.

ரெஸ்ட் எடுக்க வீட்டுக்குப் போன்னா, வீட்ல என்ன சார் இருக்கு? ரெண்டு ரூம், ஒரு ஃபேன். அந்த ஃபேனாவது முன்ன கிரீச் கிரீச்னு கத்திக்கிட்டிருந்தது. அதுக்கும் இவன் எண்ணெய் போட்டு வெச்சுட்டான், அக்கா நல்லாத் தூங்கட்டும்னு. எங்க வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம் அந்த வீட்ல நான் பேசினா சுவத்துல பட்டு என்கிட்டயே திரும்பி வருது. அவர் இருந்த வரைக்கும் அந்தக் குறையே இல்ல. நான் பேசுவேன், அவர் கேப்பார். உங்களை மாதிரியேதான், தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு நாள், ஒரு நாள் கூட "போதும்"னு ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். அப்படி ஒரு தங்கமான மனுஷன். காது கொஞ்சம் மந்தம், மெஷின் வெச்சிருப்பார். அதுலயும் எவ்வளவு சிக்கனம்கிறீங்க! வெளிய போகும்போது மாட்டிக்குவார். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலையா அதைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்குவார். ஏங்கன்னு கேட்டா, "பேட்டரி தீர்ந்துடும்மா"ம்பார். கழட்டி வெச்சுட்டு என் எதிர்ல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவார். இந்தக் காலத்துல யாரு அப்படி இருக்காங்க?

ஆங், படத்துல இன்னொண்ணு காட்டவே மறந்துட்டேன். இந்த மூலையில, பெரிய பாறைக்கு அடியில… விரலை வெச்சிருக்கேன் பாருங்க. ஒரு பொம்பளை. முதுகுல கூடை. நண்டு பொறுக்குறாளோ, பாசி பொறுக்குறாளோ. இவ்வளவு பெரிய கடல், இவ்வளவு கல்லு, அதுல இருக்கிறது இவ ஒருத்திதான். அவளாவது இந்தப் பக்கம் திரும்பி நிக்கலாமில்ல? முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. இவ்வளவு நாளா தினமும் எதிர்ல உட்கார்ந்திருக்கேன், ஒரு தடவை முகம் குடுத்தாளா? ஆள் இல்லாத நேரத்துல நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்துட்டேன் அவகிட்ட. ராங்கிக்காரி!

ஷ்ஷ்… சத்தம் நின்னுடுச்சு. வேலை முடிஞ்சுது போல. தோ, அந்தம்மா வந்துட்டாங்க. வாங்கம்மா, வாங்க, முடிஞ்சுதா? வலிச்சுதா? என்ன, கையைக் காட்டறீங்க… ஓ, வாயில பஞ்சு வெச்சிருக்கானா. பார்த்தீங்களா சார், இதான் இவன்கிட்ட எனக்குப் பிடிக்காத ஒண்ணு. யார் வெளிய வந்தாலும் வாயை அடைச்சுத்தான் அனுப்புவான். "ஒரு மணி நேரம் பேசக் கூடாது"ன்னு வேற சொல்லிடறான். வந்தவங்களால என்கிட்ட போயிட்டு வர்றேன்னு கூடச் சொல்ல முடியறதில்ல. சரிம்மா, போயிட்டு வாங்க. பார்த்து, படி இருக்கு!

இப்ப மணி அடிப்பான் சார், தயாரா இருங்க. அதுக்குள்ள நான் இந்தப் படத்தை இருந்த இடத்துல வெச்சுடறேன். அவ கண்ணுல பட்டா அவ்வளவுதான்… இந்த மேஜை காலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒருத்தி குனியறதுன்னா… ம்ம்… என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? பஞ்சு. ஆமா. பயப்படாதீங்க, பல்லைப் பிடுங்கினா ரத்தம் வராம இருக்கத்தான் வெக்கிறான். சில பேருக்கு நிக்காம வரும், ஒரு அம்மாவுக்குத் தலையணையே நனைஞ்சு போச்சு, அந்தக் கதையைச் சொல்றேன் இருங்க… சட்டம் மாட்டிக்கிச்சு… ஆங், வந்துடுச்சு. அந்த அம்மாவுக்கு என்னாச்சுன்னா சார்…

சார்?

சார், எங்க இருக்கீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம்… பாத்ரூம் கதவு திறந்துதான் கிடக்கு. சார்! வாசக் கதவும் திறந்து கிடக்கே. அந்தம்மாதான் சாத்தாமப் போயிருப்பாங்க. சும்மா காத்து வாங்கத்தான் வெளிய நிக்கிறார், உள்ள கொஞ்சம் புழுக்கம்… அதோ! அதோ போறாரே! சார்! ரோட்டைக் குறுக்கால தாண்டி… கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு… ஓடறாரு. ஓடறாருப்பா. சார், நில்லுங்க, தலையணைக் கதையில அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல! நல்லா ஆயிட்டாங்க! சார்!

போயிட்டார்.

படத்தைப் பார்த்துத்தான் போயிருப்பார். ஆமா, அந்த ஓட்டைப் பாறையைப் பார்க்கும்போதே கண்ணை மூடினாரே… ஆனா அப்ப எழுந்திருக்கல. உட்கார்ந்துதான் இருந்தார். நான் படத்தைத் திருப்பி வெச்சதுக்கு அப்புறம்தானே… குனிஞ்சு, அது கண்ணுக்கே தெரியாம உள்ள போனதுக்கு அப்புறம்தானே போனார்? படமே இல்லாதப்ப. நான் மட்டும் இருந்தப்ப.

தூக்கம் இல்லாத அளவுக்கு வலி அந்த மனுஷனுக்கு. அந்த வலியே தேவலைன்னு போயிட்டார்.

அப்ப அந்தத் தையல்காரர்… போலீஸ்காரர்… அய்யோ, தொப்பியை விட்டுட்டு ஓடற அளவுக்கா? "உள்ள எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு"ன்னானே, அந்தச் சின்ன வயசுல… அதையும் இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டு… கடவுளே.

பேட்டரிக்காக இல்லியாங்க அது?

சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவீங்களே. எதிர்ல உட்கார்ந்து.

…மணி அடிக்கிறான். வர்றேன்டா, வர்றேன். ஏன்டா விடாம அடிக்கிற? இந்தக் கண்ணை வேற துடைச்சுட்டு வரணும்… இரு, இந்தப் படத்தையும் எடுத்துக்கிறேன். வாடி, ராங்கிக்காரி. உன்மேல எவ்வளவு பழி போட்டுட்டேன். நீயா யாரையும் விரட்டினே? நீ பாட்டுக்கு உன் கூடையைத் தூக்கிக்கிட்டு நின்ன. வா, ஆணியிலயே ஏறிக்கோ. ம்… கோணலா இருக்கு. இருக்கட்டும், அவ வந்து சரி பண்ணட்டும். அவளுக்கும் ஜெயிச்ச சந்தோஷம் வேணுமில்ல.

என்னடா பார்க்கிற? அடுத்த ஆள் எங்கன்னா? நான்தான்டா அடுத்த ஆள். தள்ளு, உட்கார்றேன். அவர் போயிட்டார். நீயே போன் பண்ணு அவருக்கு, கன்னம் பாவம் அப்படி வீங்கியிருக்கு, அக்கா இருக்க மாட்டான்னு சொல்லிக் கூப்பிடு, வருவார்… இல்லடா, படம் இல்ல. படத்தை மாட்டிட்டேன். நீ சிரிக்காத. அழவும் அழாத. எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பஞ்சை எடு. அது இல்ல, பெருசா எடு. எல்லாருக்கும் சொல்வியே, ஒரு மணி நேரம் பேசக் கூடாதுன்னு, அதை எனக்கும் சொல்லு. அந்த நம்பர் பெட்டியெல்லாம் எதுக்குடா வாங்கற? பஞ்சுதான் பீரோ நிறைய வெச்சிருக்கியே. தினம் காலையில வந்ததும் வாயில வெச்சு விடு, சாயங்காலம் துப்பிடறேன். கையைக் காட்டி ஆளை உட்கார வெப்பேன், கையைக் காட்டி உள்ள அனுப்புவேன். மீதி நேரம் அந்தப் பாறையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அமைதியா. வீட்டுக்குப் போன்னு மட்டும் சொல்லிடாதடா. அங்க போய் நான் யார்கிட்டடா… சரி, சரி. பேசல. வை.

ஆ…